ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு யாரைப் பரிந்துரைப்பது?

முனைவர் பட்ட ஆலோசனைக் குழுவுக்கு இரண்டு பெயர்களை உங்களையே தரச் சொல்லிவிட்டார் நெறியாளர். அதிகம் கேள்வி கேட்காதவர்களாகப் பார்த்துத் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அப்படித் தந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் கலந்துள்ள ஃபுளோரைடு பற்றியது என் ஆய்வு. துறைக்கு வேண்டப்பட்ட இருவரையே குழுவில் சேர்த்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய குழு பெரும்பாலும் கையொப்பத்தோடு கலைந்தது. "முன்னேற்றம் திருப்திகரமாக உள்ளது" என்ற வரியை முதல் நாளே தட்டச்சு செய்து வைத்திருப்பேன். ஒருமுறை உறுப்பினர் ஒருவர் காரை விட்டு இறங்காமலேயே, கோப்பை ஸ்டியரிங்கின் மேல் சாய்த்துக் கையொப்பமிட்டுத் தந்தார். அன்று எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

நான்காம் ஆண்டில் அவர் ஓய்வுபெற, அவரிடத்துக்கு வேறொரு கல்லூரியிலிருந்து நிலநீரியல் பேராசிரியை ஒருவர் வந்தார். முதல் கூட்டத்திலேயே என் அட்டவணையின் தேதிப் பத்தியைப் பென்சில் முனையால் மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே போனவர், "நாற்பத்திரண்டு கிணற்றிலும் டிசம்பர், ஜனவரியில்தான் தண்ணீர் எடுத்திருக்கிறீர்கள் தம்பி, மே மாதம் அந்த ஊர்க்காரர்கள் எதைக் குடிக்கிறார்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த கோடையில் அதே கிணறுகளுக்குத் திரும்பப் போனபோது, ஜனவரியில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற இந்தியத் தர உச்ச வரம்புக்குள் இருந்த ஒன்பது கிணறுகள் அதைத் தாண்டியிருந்தன. பாதுகாப்பானவை என்று நான் எழுதி வைத்திருந்த கிணறுகள் அவை. அந்த அத்தியாயத்தை முழுவதும் மாற்றி எழுத ஓர் ஆண்டு பிடித்தது. அதற்குள் உதவித்தொகையும் நின்றுவிட்டது.

நெறியாளரைக் குறை கூறுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்தப் பெயர்களுக்கு மனமார ஒப்புக்கொண்டவன் நான். ஆனால் தலைப்பை இறுதி செய்வதும், ஆய்வு வடிவமைப்பிலும் முறையியலிலும் வழிகாட்டுவதும், ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் முன்னேற்றத்தை மதிப்பிடுவதும் குழுவின் பணி என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் கூறும்போது, அந்தத் தேதிப் பத்தியை நான்கு ஆண்டுகள் எவரும் பார்க்காமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கும் அதிகாரமும் குழுவுக்கு உண்டு என்பதால்தான் நீங்கள் அஞ்சுகிறீர்கள் போலும். முன்னேற்றம் போதவில்லை என்றால் காரணங்களைப் பதிவு செய்து, திருத்திக்கொள்ளும் வழியையும் குழு சொல்ல வேண்டும். அதன்படியும் நடக்காதபோதுதான் ரத்து என்ற பேச்சே வரும்.

ஆகவே ஒருவர் உங்கள் பொருளை அறிந்தவராகவும், மற்றவர் உங்கள் ஆய்வுமுறையைக் கேள்வி கேட்கக்கூடியவராகவும் இருக்கட்டும். இருவரும் எந்த ஆண்டு ஓய்வுபெறுகிறார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அறிக்கையை ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் சொன்னவற்றை அன்று மாலையே எழுதி மூவருக்கும் மின்னஞ்சல் செய்துவிடுங்கள். உங்களுடையதும் கள ஆய்வாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால், எந்த மாதம் எங்கே போய் எதை எடுக்கப் போகிறீர்கள் என்ற பட்டியலை, களத்தில் இறங்கும் முன்பே, முதல் கூட்டத்தின் மேசையில் வையுங்கள்.