கட்டுத்தறி வரைக்கும் வந்த நண்பர்

கேள்வி: பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர். அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து 1991-இல் பத்தாவது முடித்தேன். தறிக்காரர் மகன், தையற்கடை பாய் மகன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன் என்று எல்லோரும் ஒரே பெஞ்சு. எங்கள் தோட்டத்தில் பண்ணயத்தில் வேலைக்கு இருந்தவரின் மகன்தான் எனக்கு உயிர் நண்பன். சத்துணவில் போடும் முட்டையில் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுப்பான். கபடியில் அவன் பாடிப் போனால் மைதானமே அதிரும். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாடு கட்டும் கட்டுத்தறியோடு நின்றுகொள்வான், கூச்ச சுபாவம். இப்போது என் மகன் ஒன்பதாவது, மகள் ஐந்தாவது, இருவரும் தனியார் பள்ளி. சிநேகிதம் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்றால் மனைவி மறுக்கிறாள். எங்களோடு இருக்கும் அம்மாவும் அவள் பக்கம். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? அடுத்த மாதம் பழைய மாணவர் சந்திப்பு வைத்திருக்கிறோம். அவன் மட்டும் பதிலே போடவில்லை.

பதில்: தம்பி, மனைவி விஷயம் இருக்கட்டும். முதலில் அந்தக் கட்டுத்தறிக்கு வாருங்கள்.

கபடியில் பாடிப் போனால் மைதானம் அதிரும் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவருக்குக் கூச்ச சுபாவம் என்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் இல்லாத கூச்சம் உங்கள் வாசலுக்கு வந்ததும் எங்கிருந்து வந்தது? வகுப்பில் உங்களை வாடா போடா என்றவர், உங்கள் அப்பா முன்னால் உங்களை என்னவென்று கூப்பிட்டார்? தண்ணீர் கேட்டால் எதில் ஊற்றிக் கொடுத்தார்கள்? கடிதத்தில் தறி வருகிறது, தையற்கடை வருகிறது, கன்னடமும் தெலுங்கும் வருகின்றன. சாதி என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. பதினைந்து வயதில் உங்களுக்கு அது புரியாமல் இருந்திருக்கலாம். புரிந்தும் பெரியவர்களிடம் கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கலாம். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஐம்பது வயதை நெருங்கும்போதும் உங்கள் வீட்டு வழக்கத்தை அவருடைய சுபாவம் என்று எழுதுகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த முட்டையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1982-இல் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984-இல்தான் பத்தாம் வகுப்பு வரை வந்தது. முட்டை சேர்ந்தது 1989-இல், கருணாநிதி ஆட்சியில். அதுவும் தினமும் இல்லை, இரண்டு வாரத்துக்கு ஒன்று. உங்கள் தோட்டத்தில் கோழி மேய்ந்திருக்கும். அவருக்கு அந்த ஒன்றுதான். அதைப் பிய்த்துப் பாதியை உங்கள் கையில் வைத்தார், நீங்களும் வாங்கித் தின்றீர்கள். பள்ளிக்கூடத்தில் அவர் கை பட்டதை நீங்கள் சாப்பிட முடிந்தது. உங்கள் வீட்டுத் தட்டில் அவர் சாப்பிட முடியவில்லை. நானும் தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவள். அந்த வரிசை கற்றுக்கொடுத்ததை எந்தப் புத்தகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை. ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் பள்ளி தன் வேலையை முடித்துக்கொள்ளும். அப்புறம் வீடுதான்.

சரி, உங்கள் மகனை நாளைக்கே அங்கே சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவன் ஒரு பையனோடு உயிராகப் பழகி, சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். உங்கள் அம்மா அந்தப் பையனை எங்கே உட்காரச் சொல்வார்? இதற்குப் பதில் தெரியாமல் மனைவிக்குப் புரியவைக்கக் கிளம்பாதீர்கள். பெற்றவளைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பது மகனின் கடமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. அவர் பார்க்கிற சாதியையும் சேர்த்துக் காப்பாற்றுவது அந்தக் கடமையில் வராது.

பள்ளி மாற்றுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாவது பொதுத்தேர்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, உங்கள் ஏக்கத்துக்காக மகனை இடம் மாற்றாதீர்கள். மகளை அடுத்த ஜூனில் ஆறாவதில் தாராளமாகச் சேர்க்கலாம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் இருக்கிற 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் ஆறாவதிலிருந்தே அங்கே படித்திருக்க வேண்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் கழிப்பறை, ஆய்வகம், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதையெல்லாம் பாருங்கள். பெற்றவள் அதைக் கேட்பது நியாயம்.

அந்த நண்பரை வாட்ஸ்அப்பில் துரத்தாதீர்கள். மேடையில் ஏற்றிச் சால்வை போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சந்திப்புக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி பிள்ளைகளோடு அவர் வீட்டுக்குப் போங்கள். டீ போட்டுக் கொடுத்தால் எல்லோரும் குடியுங்கள். கட்டுத்தறியோடு நிற்க வைத்ததற்கு, பிள்ளைகள் காதில் விழும்படி மன்னிப்புக் கேளுங்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் பேசாதீர்கள். சந்திப்புக்கு வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவது அதற்கு அப்புறம். முதலில் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். நண்பரை உள்ளே உட்கார வைத்து, வீட்டில் எல்லோரும் சாப்பிடும் தட்டிலேயே பரிமாற அம்மா சம்மதிக்கும் வரை கூப்பிடாதீர்கள். அந்த மனிதரை இன்னொரு தடவை வாசலில் நிற்க வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.