சனிக்கிழமை தமிழ் கிளாஸ், மொழிக்கல்வி ஆராய்ச்சி: உங்க கேள்வியும் என் பதிலும்

வாரநாள்ல மொழிக்கல்வி ஆராய்ச்சி, சனிக்கிழமை ஆனா வெளிநாட்டுல பொறந்த நம்ம பிள்ளைங்களுக்கு தமிழ் கிளாஸ், இதான் என் பொழப்பு. கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதும் குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, பையனுக்கு 6 வயசு, தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்லதான் பதில் சொல்றான். வீட்டுல தமிழ் பேசினா இங்கிலீஷ் அடிபடும்னு வேற சொல்றாங்க. நிறுத்திடவா?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. ஒரு மொழில நல்லா வளர்ந்த புரிதல் அடுத்த மொழிக்கும் கை கொடுக்கும்னு கனடால ஜிம் கம்மின்ஸ்னு ஒரு மொழிக்கல்வி ஆய்வாளர் 1979லயே எழுதிட்டார். அவன் இங்கிலீஷ்ல பதில் சொன்னா சொல்லட்டும், நீங்க தமிழ்லயே தொடருங்க. ஆனா ஒண்ணு, உங்க தமிழ் பூரா "சாப்பிடு, பல்லு விளக்கு, படு"ன்னு அதிகாரத்தோடயே நின்னுட்டா அவன் தமிழும் அங்கேயே நின்னுடும். அவனுக்கு டைனோசர் பிடிக்கும்னா டைனோசர் ஏன் அழிஞ்சுதுன்னு தமிழ்ல சண்டை போடுங்க.

கேள்வி: நானும் உங்கள மாதிரி வார இறுதி கிளாஸ் எடுக்கறேன். பிள்ளைங்க பாதிக்கு மேல இங்கிலீஷ் கலந்துதான் பேசுதுங்க. கலந்தா ஃபைன்னு போர்டு வைக்கலாம்னு கமிட்டில சொல்றாங்க.

பதில்: போர்டு வச்சா கலப்பு நிக்காது, பேச்சுதான் நிக்கும். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு "டீச்சர், நான் ஜூஸை ஸ்பில் பண்ணிட்டேன்"னா. இதைக் கேட்டா கமிட்டிக்காரருக்கு கோவம் வரும், எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னா 'டீச்சர்'ங்கற கூப்பிடற வார்த்தையை விட்டுட்டா அதுல வெளியில இருந்து வந்தது ஜூஸ், ஸ்பில் ரெண்டுதான், மிச்சத்தைப் பாருங்க, ஜூஸுக்கு 'ஐ' போட்டிருக்கா, வினை ஒழுங்கா கடைசில நிக்குது, செஞ்சது நான்தான்னு முடிவுல வந்துருச்சு, நடந்து முடிஞ்சுபோச்சுங்கறது கூட அந்த 'ட்டேன்'லயே இருக்கு. எலும்புக்கூடு முழுசும் தமிழ், அவகிட்ட இல்லாதது 'கொட்டு'ங்கற ஒரே ஒரு வினைதான். நான் திருத்தல, "அய்யய்யோ, கொட்டிட்டியா, துணி எடுத்துட்டு வா"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துல இருந்த பையன்கிட்ட "நான்தான் கொட்டிட்டேன்"னு அவளே சொல்லிட்டா.

அதுக்காக எப்படி வேணா கலக்கலாம்னு நான் சொல்ல வரல. வேல்ஸ்ல சென் வில்லியம்ஸ்னு ஒரு கல்வியாளர் 1994ல ஒரு முறையை எழுதினார், ஒரு மொழில படிச்சுட்டு அதையே இன்னொரு மொழில பேசறது எழுதறதுன்னு. அது ஆசிரியர் திட்டம் போட்டு செய்யறது. இங்கிலீஷ்ல ஒரு செய்தியைப் படிக்க விட்டு தமிழ்ல பாட்டிக்கு விளக்கச் சொல்லுங்க, நான் பண்றதுலயே ரொம்ப நல்லா வேலை செய்யறது இதுதான்.

கேள்வி: வணக்கம் ரீச்சர், நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், இப்ப டொரொண்டோவில இருக்கிறம். பிள்ளை "நான் நேற்று வந்தனான்" எண்டு சொன்னா அது பிழை எண்டு வகுப்பில திருத்தினமாம். பிழையோ?

பதில்: பிழையே இல்லைங்க. அது யாழ்ப்பாணத்துல தினம் புழங்கற தமிழ். எழுதறப்ப 'வந்தேன்' போதும்னு சொல்லிக் குடுக்கலாம், பேச்சுல கை வைக்கவே கூடாது. அம்மம்மா பேசறதே தப்புன்னு பிள்ளைக்குத் தோணிட்டா அப்புறம் அது யார்கிட்ட தமிழ் பேசும்? எங்க மதுரைத் தமிழும்தான் பாடப்புத்தகத்தோட ஒத்துப்போகாது, எங்களை யாரும் திருத்தறதில்ல, அது ஒரு அநியாயம். இன்னொண்ணு, உங்க ஒண்டாரியோ மாகாணத்துல 25 பிள்ளைங்களோட பெற்றோர் சேர்ந்து கேட்டா ஸ்கூல் போர்டு அந்த மொழி வகுப்பு நடத்தணும்னு விதி இருக்கு. கேட்டு வாங்குங்க, எந்தத் தமிழ்ல வேணும்ங்கறதையும் சேர்த்தே பேசுங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழி, ஸ்கூல்ல பாடமா இருக்கு. அங்க பிரச்சினையே இருக்காதுல்ல சார்?

பதில்: சார் இல்லப்பா, அக்கா. அங்கயும் இருக்கு. 2005லயே பாடத்திட்ட மறுஆய்வுக் குழு உக்காந்து, படிச்சவங்க பொதுவா பேசற தமிழுக்கு வகுப்புல இடம் குடுக்கச் சொன்னாங்க, நல்ல முடிவு. ஆனாலும் 2020 சென்சஸ்ல, நாட்டுல இருக்கற எல்லா இனத்தாரையும் சேர்த்து, வீட்டுல அதிகமா பேசற மொழி தமிழ்னு சொன்னவங்க 2.5 சதவீதம், இங்கிலீஷ் 48.3. மொழியியல் அறிஞர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991ல சொன்னது இதைத்தான், வீட்டுல பெரியவங்க குழந்தைகிட்ட பேசற அந்தப் படி உடைஞ்சுட்டா மேல ஸ்கூல், டிவின்னு எத்தனை அடுக்கு கட்டினாலும் நிக்காது. நியூசிலாந்துல அங்கத்திய பூர்வகுடி மாவோரிங்க அந்தப் படியைத்தான் நேராப் பிடிச்சாங்க. 1982ல வெலிங்டன் பக்கத்துல ஆரம்பிச்சு, ஸ்கூல் போற வயசுக்கு முன்னாடியே குழந்தைங்களை மாவோரி பேசற தாத்தா பாட்டிங்க நடுவுல விட்டாங்க. பாடம்னு தனியா எதுவும் இல்ல, சமையல், பாட்டு, தூக்கம் எல்லாமே அந்த மொழில.

கேள்வி: திருப்பூர்ல அரசுப் பள்ளில டீச்சர் நான். ஒடிசாவுல இருந்து வந்த பையன் கிரவுண்டுல தமிழ்ல வெளுத்து வாங்கறான், அறிவியல் பரீட்சைல வெத்துத் தாள். சோம்பேறியா?

பதில்: இல்லைங்க டீச்சர். விளையாட்டுத் தமிழ் ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துரும், 'ஒளிச்சேர்க்கை' 'ஆவியாதல்'னு வர்ற பாடத் தமிழ் கைக்கு வர அஞ்சு ஏழு வருஷம் கூட ஆகும், இதுவும் கம்மின்ஸ் காட்டினதுதான். அதுவரைக்கும் படம் வரைஞ்சு காட்டட்டும், வாயால சொல்லட்டும், இன்னொரு ஒடியா பையன் இருந்தா ரெண்டு பேரும் முதல்ல ஒடியாலயே பேசிப் புரிஞ்சுக்கட்டும். நம்ம பிள்ளை வெளிநாட்டுல கஷ்டப்பட்டா நமக்கு வலிக்குது, இங்க அதே வலி அந்தப் பையனுக்கு.

கேள்வி: பண்பாட்டு நாளுக்கு வேட்டி, பட்டுப்பாவாடை, சமோசா. போதுமா?

பதில்: சமோசா நல்லா இருந்தா போதும் 😀 அது கொண்டாட்டம், பண்பாட்டுக் கல்வி வேற. மொழி, பண்பாட்டுக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் பைரம் 1997ல எழுதினதுல ஆர்வம், அறிவு எல்லாம் போக, நம்ம வழக்கத்தையே தள்ளி நின்னு கேள்வி கேக்கறதும் ஒரு திறமை. என் கிளாஸ்ல பசங்க பக்கத்து வீட்டு சோமாலிப் பாட்டியைப் பேட்டி எடுத்துட்டு வந்து, வந்தவங்களுக்கு முதல்ல என்ன குடுப்பாங்கன்னு நம்ம வீட்டோட ஒப்பிட்டாங்க. அப்ப ஒருத்தன் எழுந்து, நம்ம வீட்டுல ஏன் எப்பவும் அம்மாதான் எழுந்து போய் காபி போடறாங்கன்னு கேட்டான். அன்னிக்கு கிளாஸ் அதோட முடியல, நிறைய அப்பாக்களுக்கு வீட்டுல கேள்வி போயிருக்கு.

கேள்வி: பிஎச்டி பண்றேன்கா. தமிழ்ப் பள்ளில ரெக்கார்ட் பண்ணக் கேட்டா நிர்வாகம் முடியாதுன்னுட்டாங்க. எப்படி சம்மதிக்க வைக்கறது?

பதில்: சம்மதிக்க வைக்கறதுன்னு நினைக்கறதுலயே கோளாறு தம்பி. உனக்கு முன்னாடி ஒருத்தர் வந்து மைக் வச்சுட்டு, டிகிரி வாங்கினதும் ஃபோன் கூட எடுக்காம போயிருப்பார், எனக்கே அப்படி ஒரு ஆள் தெரியும். முதல்ல மைக் இல்லாம போ. நாற்காலி எடுத்துப் போடு, பொங்கல் விழாவுக்கு சட்டி கழுவு, ஆசிரியர் வராத நாள்ல கிளாஸ் பாத்துக்கோ. அவங்களுக்கு எது தெரிஞ்சுக்கணும்னு கேளு, உன் ஆய்வுக் கேள்வியே அங்க மாறிடும், மாறினா நல்லதுதான். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளைகிட்டயும் கேக்கணும், நடுவுல வேணாம்னா அப்பவே ஆஃப் பண்ணணும். முடிவை முதல்ல அந்தப் பெற்றோர் கூட்டத்துல தமிழ்ல சொல்லு, கான்ஃபரன்ஸ் அப்புறம்.

கேள்வி: ரெக்கார்ட் பண்ணினதை எழுத எதாவது இலவச சாஃப்ட்வேர்?

பதில்: எலான் (ELAN). நெதர்லாந்துல மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல உருவானது, தமிழ் யூனிகோடுலயே அடிக்கலாம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு முழு நாள் போயிரும், குழந்தைங்க கூட்டமா கத்தற ஆடியோன்னா அதுக்கும் மேல. நல்ல ஹெட்ஃபோன் வாங்கிக்கோங்க.