வாகனக் கேள்வி பதில்: மாமனார் மாமியார் ஏறினால் மாறும் கணக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், பெட்ரோல் வண்டியா டீசல் வண்டியா என்று. அதுவும் பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கிற குடும்பங்களிடமிருந்து. அமெரிக்காவிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் 'கேஸ் வண்டி' என்று எழுதுகிறீர்கள். ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற என் அத்தைக்குச் சிலிண்டர் வைத்து ஓடும் ஆட்டோதான் கண்முன் வரும். ஆகவே இங்கே பெட்ரோல் என்றே எழுதுகிறேன்.

கேள்வி (டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகர்): நான், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வருஷத்தில் ஆறு மாதம் மாமனாரும் மாமியாரும் எங்களோடு இருப்பார்கள். 26 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். காலி எடை 5,400 பவுண்டு, அதிகபட்சம் 7,000 என்று போட்டிருக்கிறது. இழுக்க செவர்லே சபர்பன் என்ற பெரிய எஸ்யூவி வாங்கலாம் என்றிருக்கிறோம். 5.3 லிட்டர் பெட்ரோல் வி8 எடுப்பதா, 3 லிட்டர் டீசல் எடுப்பதா? அலுவலகம் 4 மைல். வருஷத்துக்கு மொத்தம் 12,000 மைல் ஓடும். கோடையில் ஒருமுறை கொலராடோ, மற்றபடி மூன்று நான்கு வார இறுதிகளில் பக்கத்து ஏரிகள். நண்பர்கள் எல்லாம் 'இழுப்பதென்றால் டீசல்தான்' என்கிறார்கள்.

பதில்: நண்பர்கள் சொல்வதில் பொய் இல்லை. 2025 மாடல் சபர்பனில் டீசல் எஞ்சின் 305 குதிரைத்திறன், 495 பவுண்டு-அடி டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை); அந்த டார்க் முழுவதும் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,750 சுற்று சுற்றும்போதே கைக்கு வந்துவிடும். பெட்ரோல் வி8க்கு 355 குதிரைத்திறன் இருக்கிறது, ஆனால் டார்க் 383தான், அதுவும் 4,100 சுற்றுக்கு ஏறினால்தான் முழுசாகக் கிடைக்கும். சமதரையில் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மலை வந்தால்தான் தெரியும்.

நீங்கள் கொலராடோ போகும் வழி எனக்குப் பழக்கம். 287ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து அமரில்லோ, டால்ஹார்ட், அப்புறம் ராட்டன் கணவாய், அது 7,800 அடிக்கு மேல். டென்வர் தாண்டி ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கச் சாலை, 11,000 அடிக்கும் மேலே. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். அப்படியானால் உங்கள் 355 குதிரைகளில் சுரங்க வாசலுக்குப் போய்ச் சேருவது சுமார் 240. டீசலில் டர்போ இருப்பதால் அங்கேயும் பெரிதாக இளைக்காது. நான் முதல்முறை பழைய பெட்ரோல் பிக்கப்பில் டிரெய்லரோடு அந்த ஏற்றம் ஏறினபோது எஞ்சின் சுற்று காட்டும் முள் 4,500இலேயே நின்றது, வேகம் 40 மைல், முன்னாலும் பின்னாலும் ஹஸார்டு விளக்குப் போட்ட லாரிகள். வீட்டம்மா மெதுவாக, "ஏங்க, வண்டி அழுவுதே" என்றார். அழவில்லை, அந்த எஞ்சின் அப்படி ஓடத்தான் செய்யப்பட்டது. காதுக்குத்தான் கஷ்டம்.

உண்மையில் பயந்தது இறங்கும்போதுதான். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் சில்வர்த்தார்ன் வரைக்கும் விடாத இறக்கம், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் தனிச் சரிவே வெட்டி வைத்திருக்கிறார்கள். பாதி வழியில், தோசைக்கல்லில் பிளாஸ்டிக் கரண்டி உருகின மாதிரி ஒரு வாசனை. டிரெய்லரின் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லும் கன்ட்ரோலரில், டிரெய்லர் காலியாக இருந்தபோது வைத்த அளவை, சாமான் ஏற்றின பிறகு கூட்டாமல் விட்டிருந்தேன். மொத்த பாரத்தையும் பிக்கப்பின் பிரேக் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. தப்பு என்னுடையது. அன்றைக்கு டீசல் வண்டி இருந்திருந்தால் எக்ஸாஸ்ட் பிரேக் கை கொடுத்திருக்கும், டர்போவின் இதழ்களை மூடி, வெளியேறும் புகையைத் தடுத்தே வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு அது. பெட்ரோலிலும் டோ-ஹால் என்கிற இழுவைப் பொத்தானை அழுத்திக் கியரைக் குறைத்தால் எஞ்சின் பிடிக்கும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் உங்களுக்கு நான் சொல்வது பெட்ரோல்தான். காரணம் அந்த 4 மைல் அலுவலகம்.

இப்போதைய டீசலில் எல்லாம் புகைக்குழாயில் டிபிஎஃப் என்கிற வடிகட்டி இருக்கிறது. கரி அதில் சேரும், சேர்ந்ததை அவ்வப்போது வண்டியே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கடுமையான சூடு வேண்டும், இருபது முப்பது நிமிஷம் நிற்காமல் ஓடவும் வேண்டும். டீசல் எஞ்சின் சூடேறுவதே மெதுவாக, உங்கள் 4 மைலில் அது சோம்பல் முறித்து எழுந்து உட்காருவதற்குள் அலுவலகம் வந்துவிடும். எரிக்க ஆரம்பித்துப் பாதியில் அணைத்தால் வடிகட்டி அடைக்கும், எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் மலையேறப் போகிற வண்டி, மீதி 350 நாள் எப்படி வாழப்போகிறது என்று பாருங்கள்.

காசுக் கணக்கும் போட்டுவிடலாம். பெட்ரோல் சபர்பன் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து கேலனுக்கு 17 மைல் என்றும் டீசல் 23 என்றும் வையுங்கள். 12,000 மைலுக்குப் பெட்ரோல் 706 கேலன், டீசல் 522. பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60 என்றால் 2,118 டாலர், 1,879 டாலர். வருஷத்துக்கு மிச்சம் 239. இதிலிருந்து டெஃப் (புகையைச் சுத்தம் செய்ய டீசல் வண்டியில் தனியாக ஊற்றும் திரவம்), விலை கூடின ஃபில்டர்கள் எல்லாம் கழியும். (கூட்டரசு வரியே டீசலுக்குக் கேலனுக்கு 24.4 சென்ட், பெட்ரோலுக்கு 18.4, ஊரில் டீசல் விலை குறைவு என்று வளர்ந்தவர்களுக்கு இது எப்போதும் தலைகீழாகத்தான் தெரியும்.) டிரெய்லர் இழுக்கும்போது வித்தியாசம் கூடும், கேலனுக்குப் பெட்ரோல் 8, 9 மைல் தந்தால் டீசல் 11, 12 தரும், ஆனால் நீங்கள் இழுக்கப்போவது மொத்தம் மூவாயிரம் மைல் இருந்தால் அதிகம். பழைய டீசல் தேடுபவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த எஞ்சினின் முதல் வடிவமான எல்எம்2வில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை இறக்கினால்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. 150,000 மைலில் மாற்றச் சொல்கிறார்கள். 1,40,000 ஓடின வண்டியை யாராவது ஆசையாக விற்க வந்தால் ஏன் என்று புரியும்.

"அப்படியென்றால் 6.2 லிட்டர் பெட்ரோல்?" என்று கேட்பீர்கள். புதுசில் தாராளமாகப் பார்க்கலாம். பழசு என்றால், 2021 முதல் 2024 வரையிலான அந்த எஞ்சின் வண்டிகளை 2025 ஏப்ரலில் திரும்ப அழைத்தார்கள், அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட ஆறு லட்சம், பேரிங்கும் கிராங்க்‌ஷாஃப்ட்டும் கோளாறு. அந்த வேலை முடிந்த காகிதம் இல்லாமல் தொடாதீர்கள்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன், அதுதான் பெரியது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று. விளம்பரத்தில் 8,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பதை விடுங்கள், இந்த எண்தான் உங்கள் எஜமான். சபர்பனில் இது பெரும்பாலும் 1,500க்கும் 1,800க்கும் நடுவில் இருக்கும். சன்ரூஃப், பெரிய சக்கரம், நாலு சக்கர இழுவை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க இறங்கும்.

இப்போது ஆட்களை ஏற்றுங்கள். நீங்கள் 175, மனைவி 140, பெரியது 85, சின்னது 55, மாமனார் 160, மாமியார் 135. மொத்தம் 750. டிரெய்லர் 5,400இல் ஒருநாளும் கிளம்பாது. தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, துணி, குக்கர், அரிசி எல்லாம் சேர்ந்து 6,500 ஆகும். அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு பூட்டும் இணைப்பு) வழியாக உங்கள் வண்டியின் வால் மேல் உட்காரும், உட்கார வேண்டும், குறைந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். 810 பவுண்டு என்று வையுங்கள். எடையைப் பகிரும் ஹிட்ச்சே 90. கூட்டினால் 1,650. இன்னும் கூலரும் மடக்கு நாற்காலியும் மாமியார் விடாப்பிடியாக எடுத்துவரும் கிரைண்டரும் ஏறவில்லை. பெட்ரோலோ டீசலோ, ஸ்டிக்கரில் 1,600 என்றிருந்தால் வீட்டு வாசலிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

ஆகவே முன்பணம் திரும்பக் கிடைக்குமானால் 22, 23 அடி டிரெய்லருக்கு இறங்குங்கள். டீலரிடம் போனால் வாங்கப்போகிற அதே வண்டியின் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுங்கள், "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார், ஒன்று இல்லை. பெட்ரோல் 5.3, மேக்ஸ் டிரெய்லரிங் பேக்கேஜ் என்கிற இழுவைச் சாமான்களோடு. முதல் பயணத்துக்கு முன்னால் முழுசாக ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். மாமனாரை டிரெய்லருக்குள் உட்கார வைக்கலாமா என்று யோசிக்காதீர்கள், டெக்ஸஸில் அது குற்றம்.

அலுவலகம் 40 மைல் தள்ளி இருந்து, வருஷத்துக்கு நாலு முறை மலையேறுவீர்கள் என்றால் இதே பதிலைத் திருப்பிப் போட்டு டீசல் என்றிருப்பேன்.

கேள்வி (கல்கரி, கனடா): ஓய்வு பெற்றுவிட்டோம், இருவர் மட்டும். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் சாமான் தட்டுக்குள் பூட்டி இழுப்பது). நவம்பரில் அரிசோனா போய் மார்ச்சில் திரும்புவோம். ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பில் பெட்ரோலா டீசலா? டிபிஎஃப் கழற்றிவிட்ட பழைய டீசல் ஒன்றும் மலிவாக வருகிறது.

பதில்: டீசல், யோசிக்கவே வேண்டாம். 7.3 லிட்டர் பெட்ரோல் 485 பவுண்டு-அடி, 6.7 டீசல் 1,050. இந்த எடைக்கு இந்தத் தூரத்துக்கு டீசல் ஆடம்பரம் இல்லை. விலையில் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் வரும், உங்கள் ஓட்டத்துக்கு அது தகும். ஆனால் எஃப்-250 வேண்டாம். ஃபிஃப்த் வீலில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிக்கப் மேல் இறங்கும், உங்களுக்கு 2,400 பவுண்டு. டீசல் எஞ்சினே கனமானது, அந்தக் கனமும் ஸ்டிக்கர் எண்ணில் கழிந்துதான் வரும், நீங்கள் இருவரும் ஏற இடம் இருக்காது. எஃப்-350 பாருங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

திரும்பி வரும்போது ஒரு விஷயம். அரிசோனாவில் நிரப்பின டீசல் குளிருக்கானது இல்லை. அதே டேங்க்கோடு மொன்டானா குளிருக்குள் நுழைந்தால் மெழுகு கட்டி ஃபில்டர் அடைக்கும். வடக்கே வர வர டேங்க்கைக் காலி செய்துகொண்டே வந்து அந்தந்த ஊர் டீசலைப் போடுங்கள். டெஃப் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும், அதன் டேங்க்கில் ஹீட்டர் இருக்கிறது, கவலை இல்லை, உபரி கேனை மட்டும் வீட்டுக்குள் வையுங்கள்.

கழற்றின வண்டி வேண்டாம். அமெரிக்காவில் அது சட்டவிரோதம், நீங்கள் பாதி வருஷம் இருக்கப்போவது அங்கேதான். ரேம் பிக்கப்களின் புகை விவகாரத்தில் அவற்றின் டீசல் எஞ்சினைச் செய்யும் கம்மின்ஸ் கம்பெனியே 167.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது 2023 டிசம்பரில்.

கேள்வி (மெல்பர்ன்): இங்கே காரவான் இழுக்கிற எல்லாரும் டீசல் லேண்ட்க்ரூசர்தான். பழைய நிஸான் பட்ரோல் (பெட்ரோல் வி8) பாதி விலைக்குக் கிடைக்கிறது. முட்டாள்தனமா?

பதில்: இல்லையே. இரண்டும் 3,500 கிலோ இழுக்கும். பட்ரோலின் 5.6 லிட்டர் 298 கிலோவாட், 560 நியூட்டன் மீட்டர். லேண்ட்க்ரூசர் 300இன் டீசல் 227 கிலோவாட், 700. பட்ரோலுக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும், காரவானோடு 100 கிலோமீட்டருக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும். டேங்க் 140 லிட்டர், அது ஏன் அவ்வளவு பெரிது என்று நல்லபார் பாலைச் சாலையில் புரிந்துகொள்வீர்கள். பள்ளி விடுமுறைக்கு மட்டும் இழுப்பதென்றால் மிச்சமாகும் பணத்துக்குப் பல வருஷம் பெட்ரோல் போடலாம். நாட்டைச் சுற்றி வரும் திட்டம் இருந்தால் டீசல்.

கேள்வி (ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகி): கணவர் புது டீசல் பிக்கப்பில் ஒரு கேலன் பெட்ரோல் ஊற்றிவிட்டு, மீதியை டீசலால் நிரப்பினால் கலந்துவிடும் என்கிறார். வண்டி இன்னும் பங்க்கிலேயே நிற்கிறது.

பதில்: நிற்கட்டும். சாவியைத் தொடவே வேண்டாம், ரேடியோ கேட்கக்கூட. டீசல் பம்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் வழுக்காது, பம்பு தேய்ந்து இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரை போனால் செலவு ஐந்து இலக்கத்தில் வரும். இழுவண்டி வைத்து, டேங்க்கை வடித்து, ஃபில்டர் மாற்றச் சொல்லுங்கள்.

டீசல் குழாய் மூக்கு பெரிது, பெட்ரோல் வண்டியில் நுழையாது. பெட்ரோல் மூக்கு சிறிது, தடுப்பு மூடி இல்லாத டீசல் வண்டிகளில் சுலபமாக நுழைந்துவிடும், அதனால்தான் இந்தப் பக்கத் தப்பு மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது. பச்சைக் கைப்பிடி என்றால் டீசல் என்று நம்பவும் வேண்டாம், பெட்ரோலுக்கே பச்சை வைத்திருக்கும் பங்க்குகளும் இருக்கின்றன. என் நண்பர் ஒருவர் இப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டதும், டேங்க் மூடியின் உள்பக்கம் அவர் மனைவி தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "நில். டீசல். என்னைக் கேள்."