முதியோர் வார்டில் காதில் விழும் பழைய ஆங்கிலம்

தங்கச்சி, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி-யில் நல்ல மதிப்பெண் வாங்கி, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் லீட்ஸுக்கு நர்ஸாக வந்தும் முதியோர் வார்டில் பாட்டிமாரும் தாத்தாமாரும் பேசுவது பாதி புரியவில்லை, பழைய ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி ஏதாவது வாங்கலாமா, நாமும் அப்படியே பேசிப் பழகணுமா என்று கேட்டிருந்தீர்கள். அகராதி வேண்டாம், அப்படிப் பேசவும் வேண்டாம். ஆனால் காதில் விழுந்தால் புரிந்தே ஆகவேண்டும். அவர்கள் சொல்லும் நோய்க்குறியே பல நேரம் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கும், நீங்கள் சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால் அது நோட்ஸில் ஏறாமலே போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். யார்க்‌ஷயர் முதியவர்களுக்கு ‘டின்னர்’ என்றால் மதியச் சாப்பாடு, ‘டீ’ என்றால் மாலை ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடும் முழு உணவு. சர்க்கரை நோயாளி ஒருவர் “வீட்டில் டீக்கு முன்னால் இன்சுலின் போடுவேன்” என்றால் நாம் கப்பில் குடிக்கிற டீயை நினைத்துவிடக் கூடாது. “எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டு அதையே எழுதுங்கள்.

இதைவிட ஆபத்தானது ‘வைல்’. பாடப்புத்தகத்தில் அதற்கு ‘அந்த நேரத்தில்’ என்று அர்த்தம், இங்கே பழைய ஆட்கள் ‘வரைக்கும்’ என்ற அர்த்தத்தில் சொல்வார்கள். ‘நைன் வைல் ஃபைவ்’ என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. “ரெண்டு மணி வைல் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்” என்று ஒருவர் சொன்னால் இரண்டு மணி வரைக்கும் என்றுதான் பொருள். நீங்கள் பேசும்போது ‘அன்டில்’ என்றே சொல்லுங்கள், குழப்பமே வராது.

‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்று ஒரு பாட்டி கூச்சத்தோடு சொன்னால் உடனே திரையை இழுத்துவிட்டு கமோடு நாற்காலியைக் கொண்டுபோங்கள். சிறுநீர் கழிக்கவேண்டும் என்பதை நாசூக்காகச் சொல்லும் வழி அது. அந்தக் காலப் பொதுக் கழிப்பறைகளில் ஒரு பென்னி காசு போட்டால்தான் கதவு திறக்கும். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியிலேயே கழிப்பறைக் கட்டணம் ஒரு பென்னிதான். அது புரியாமல் “பணமா? அப்புறம் பார்க்கலாம்” என்று நீங்கள் நகர்ந்தால் அந்தம்மா தானே எழுந்து நடக்கப் பார்ப்பார், முதியோர் வார்டில் கீழே விழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். ‘வாட்டர்வொர்க்ஸ்’ சரியில்லை என்றாலும் சிறுநீர்ப் பிரச்சினைதான், ‘வாட்டர் டேப்லெட்’ என்பது நீர் பிரியக் கொடுக்கிற மாத்திரை.

‘ஃபன்னி டர்ன்’ என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. தலைசுற்றல், மயக்கம், சர்க்கரை இறங்கியது, இதயத் துடிப்பு தாறுமாறானது, சின்னப் பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, பேச்சு குழறியதா, கை கால் தளர்ந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதி, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

‘ஸ்டார்வ்டு’ என்றால் பசி என்றுதானே நமக்குத் தெரியும்? வடக்கில் மிகவும் வயதானவர்கள் குளிரில் விறைக்கிறது என்பதற்கும் அதைச் சொல்வதுண்டு. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சாவது என்றே பொருள் இருந்தது, பிறகுதான் பசியால் சாவது, குளிரால் வாடுவது என்று இடத்துக்கு இடம் சுருங்கிப்போனது. தட்டில் சாப்பாடு தொடாமல் இருக்க அப்படிச் சொல்கிறார் என்றால் போர்வை கொடுத்துப் பாருங்கள்.

எடையை ஸ்டோனில் சொல்வார்கள், ஒரு ஸ்டோன் 6.35 கிலோ. “ஒன்பது ஸ்டோன் இருந்தேன், இப்போ ஏழரை” என்று பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னால் ஏறக்குறைய ஒன்பதரை கிலோ போயிருக்கிறது என்று அர்த்தம், அதாவது இருந்த எடையில் 10 சதவீதத்துக்கும் மேல். சில மாதத்துக்குள் இறங்கியதா என்று கேட்டு, ஊட்டச்சத்துக் குறைவு பார்க்கிற ‘மஸ்ட்’ படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

‘தீ’, ‘தா’ என்று சில தாத்தாக்கள் பேசுவது கேட்டுப் பயப்படவேண்டாம், நமக்கு இது சுலபம். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நம் நீ, நீங்கள் மாதிரி இரண்டும் இருந்தன, அந்த ‘நீ’க்கான ‘தீ’, ‘தா’ இந்தப் பக்கக் கிராமங்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. உங்களை அப்படிக் கூப்பிட்டால் அது பிரியம். நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள், பெரியவர்களை நாம் நீ என்று கூப்பிடமாட்டோம் இல்லையா, இங்கேயும் அந்தக் காலத்துப் பிள்ளைகளை அதற்காகக் கண்டித்திருக்கிறார்கள். அவர்கள் உங்களை ‘லவ்’ என்று கூப்பிடுவதிலும் தப்பில்லை, பஸ் டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அப்புறம், நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஆங்கிலமும் இருக்கிறது. நம் ஊரில் எல்லா நர்ஸும் ‘சிஸ்டர்’, இங்கே அது பொறுப்பில் இருக்கும் மூத்த நர்ஸின் பதவி, அதே பதவியில் ஆண் இருந்தால் ‘சார்ஜ் நர்ஸ்’. அதனால் கூட வேலை செய்பவர்களைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், முதலில் வாய் கூசும், பழகிவிடும். நோயாளி இறந்தால் ‘எக்ஸ்பயர்டு’ என்று சொல்லாதீர்கள், பால் பாக்கெட்டில் தேதி முடிந்ததற்குச் சொல்லும் சொல் என்றுதான் இங்கே பலருக்குத் தோன்றும், அந்த நேரத்தில் குடும்பத்தாருக்கு அது மிகவும் வலிக்கும். மென்மையான குரலில் ‘டைடு’ என்று நேராகவே சொல்லலாம், அவர்கள் ‘பாஸ்ட் அவே’ என்றால் அது அவர்கள் விருப்பம். மெயிலில் ‘டூ தி நீட்ஃபுல்’ போடுவதற்குப் பதில் என்ன செய்யவேண்டுமோ அதையே எழுதுங்கள்.

அகராதிக்குப் பதிலாக உங்கள் வார்டில் இருக்கும் உள்ளூர் ஹெச்சிஏ (நர்ஸுக்கு உதவியாக இருக்கும் பராமரிப்பு உதவியாளர்) அக்காமாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் வளர்ந்த அதே தெருக்களில் வளர்ந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர், காலையில் குளிப்பாட்டும்போது கூடவே நின்றால் ஒரு வாரத்தில் காது திறந்துவிடும். புரியாத சொல் வந்தால் நோயாளியிடமே “அப்படின்னா என்ன, கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேளுங்கள், அவர்கள் கோபப்படுவதில்லை, பேச ஆள் கிடைத்ததே என்று இன்னும் இரண்டு சேர்த்தே சொல்வார்கள்.