வாசகர் கேள்வி–பதில்: டிகோடர் இருக்கு, படம் எங்கே?

நான் செராஸில் தரைவீட்டில் இருக்கிறேன். மாடி சன்னலில் நின்றால் கோலாலம்பூர் கோபுரம் தெரியும். டிஜிட்டல் தொலைக்காட்சி பார்க்க, டிகோடரோடு (ஒளிபரப்பைப் படமாக்கித் தரும் பெட்டி) பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்த உள்ளறை ஆண்டெனாதான் பயன்படுத்துகிறேன். சிக்னல் 100 என்று காட்டுகிறது, ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இதைவிடப் பெரிய பூஸ்டர் வாங்கலாமா?
— செராஸ் வாசகர்

வாங்காதீர்கள். இப்போது இருப்பதையும் கழற்றிவிடுங்கள். டிகோடர் திரையில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று சிக்னலின் வலிமை, மற்றது அதன் தரம். படம் வருவதும் வராததும் தரத்தைப் பொறுத்தது. கோபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் அலையைப் பூஸ்டர் மேலும் பெருக்கினால் டிகோடரின் உள்வாங்கும் பகுதி திணறிப்போகும். வலிமைக் கோடு முழுசாக நிற்க, தரக் கோடு தரைக்கு வந்துவிடும்.

பூஸ்டரின் மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது. மின்சாரம் இல்லாத பூஸ்டர் வருகிற சிக்னலையும் மறித்துக்கொள்ளும். அதைக் கேபிள் வழியிலிருந்தே எடுத்துவிட்டு, பூஸ்டர் இல்லாத சாதாரண யூஎச்எஃப் (டிஜிட்டல் ஒளிபரப்பு வரும் அலைப்பட்டை) ஆண்டெனாவை நேராக டிகோடரில் செருகுங்கள். டிகோடரின் அமைப்புகளில் 'ஆண்டெனா பவர் 5 வோல்ட்' என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அப்படியும் தரம் ஏறவில்லை என்றால் சிக்னலை 6 அல்லது 10 டெசிபெல் குறைக்கும் அட்டெனுவேட்டர் என்ற சிறு முனை ஒன்றைக் கேபிள் நுனியில் போட்டுப் பாருங்கள். சிக்னலைக் குறைத்துப் படத்தை வரவழைப்பதா என்று தோன்றும். கோபுரத்தடியில் அதுதான் வைத்தியம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். நம் மலேசியாவில் டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு உரியது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குச் சற்று மேலே, 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், கைப்பேசிச் சேவை ஓடுகிறது. பழைய பூஸ்டர்கள் 862 வரை எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். தெருமுனையில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால் அந்தச் சத்தமும் சேர்ந்தே பெருகும். பூஸ்டர் இல்லாமல் முடியாது என்ற இடத்தில், 694-க்கு மேல் வருவதை வெட்டும் வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டுக்கூரையில் அந்தக் காலத்து மீன்முள் ஆண்டெனா இன்னும் நிற்கிறது. முன்பு டிவி1, டிவி2 எல்லாம் அதில்தான் பார்த்தோம். அதையே டிகோடரில் இணைத்தேன், தேடினால் ஒன்றுமே சிக்கவில்லை. டிகோடர் கெட்டதா?
— சுங்கை சிப்புட் வாசகர்

டிகோடர்மேல் பழி போடாதீர்கள். அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் நின்றுவிட்டது. இன்றைய ஒளிபரப்பு டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில், முழுக்க யூஎச்எஃப் பட்டையில் வருகிறது. உங்கள் ஆண்டெனாவின் கம்பிகள் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் என்று நீண்டிருந்தால் அது விஎச்எஃப் என்ற, இதைவிட நீண்ட அலைகளின் பட்டைக்குச் செய்தது. யூஎச்எஃப் ஆண்டெனாவின் கம்பிகள் 20 முதல் 32 சென்டிமீட்டர்தான் இருக்கும். அலையின் நீளத்தில் பாதி அவ்வளவுதான். ஒரு அளவுகோல் எடுத்துக் கூரை ஏறினால் விடை தெரிந்துவிடும்.

உங்கள் ஊரைச் சுற்றி மலை என்பதால் உள்ளறை ஆண்டெனாவை நம்ப வேண்டாம். கூரைக்கு மேல் நிற்கும் யூஎச்எஃப் யாகி அல்லது லாக்-பீரியாடிக் ஆண்டெனா (நீண்ட கம்பியில் வரிசையாகக் குறுக்குக் கம்பிகள் உள்ளவை) வேண்டும். முதலில் ஈப்போ கிளேடாங் மலை இருக்கும் தெற்குப் பக்கம் திருப்பிப் பாருங்கள். நடுவில் குன்று மறித்தால் மேற்கே தைப்பிங் லாருட் மலைப் பக்கம் முயலலாம். அக்கம்பக்கத்தில் நன்றாக ஓடும் வீட்டு ஆண்டெனா எங்கே பார்க்கிறது என்பதை ஒரு முறை பார்த்து வைப்பது நல்லது. அதன் கம்பிகள் தரைக்குப் படுக்கையா, செங்குத்தா என்பதையும் கவனியுங்கள். இதில் மாறிப்போனால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூட இறங்கிவிடும்.

திசை சரிபார்க்கத் தானியங்கித் தேடலைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். டிகோடரில் கைமுறைத் தேடலைத் திறந்து, 21 முதல் 48 வரை உள்ள சேனல் எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். தரக் கோடு கொஞ்சமாவது அசையும் எண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் ஆண்டெனாவைப் பத்து டிகிரி, பத்து டிகிரியாகத் திருப்பட்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று நான்கு விநாடி பொறுக்க வேண்டும், கோடு தாமதமாகத்தான் ஏறும். திசை கிடைத்த பிறகு கம்பத்தில் அரை மீட்டர் மேலே, கீழே நகர்த்திப் பாருங்கள். மலையில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதுவதால் உயரத்துக்கு உயரம் தரம் மாறும். எப்போதும் மேலே போனால்தான் நல்லது என்று இல்லை. எல்லாம் முடிந்து நட்டை இறுக்கிய பிறகு தானியங்கித் தேடலை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள்.

பழைய கேபிளையும் தூக்கிப் போடுங்கள். ஆர்ஜி-6 என்ற தடித்த ஆண்டெனா கேபிளில் 20 மீட்டருக்கு மூன்றரை டெசிபெல் போல இழப்பு. பழைய மெல்லிய கேபிளில் அதைப்போல இரண்டு மடங்கு போய்விடும். உங்களுக்குப் பூஸ்டர் தேவைப்படலாம். ஆனால் அது கம்பத்திலேயே, ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கேபிளில் தேய்ந்து இரைச்சலோடு வீட்டுக்குள் வந்த சிக்னலைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும். ஆண்டெனா பிடிக்காததைப் பூஸ்டர் உண்டாக்கித் தராது.

மழை பெய்தால் படம் உறைந்துவிடுகிறது. செயற்கைக்கோள் தட்டில்தான் அப்படி ஆகும் என்பார்களே?
— கிள்ளான் வாசகர்

சரியாகத்தான் சொன்னார்கள். தட்டுக்கு வரும் அலை பத்து கிகாஹெர்ட்ஸுக்கும் மேலே, அதை மழை விழுங்கும். யூஎச்எஃப் அலையை மழை ஒன்றும் செய்யாது. ஆகவே தண்ணீர் உங்கள் கேபிளுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டெனா முனையில் உள்ள இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால், வெளி உறைக்கு அடியில் உள்ள பின்னல் கம்பி கறுத்திருந்தால், நல்ல கேபிள் தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது எஃப் கனெக்டர் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை) போடுங்கள். வெளி உறையைச் சீவிப் பின்னலை ஆறு மில்லிமீட்டர் உறைமேல் மடியுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கனெக்டரின் அடிமட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் நீண்டால் போதும். பின்னலின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் போய்விடும். முறுக்கிப் போடும் வகை மழைக்குத் தாங்காது, அழுத்திப் பொருத்தும் வகையே வாங்குங்கள். மேலே தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றி, சுவருக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

காற்றோடு சேர்ந்த மழையில் மட்டும் உறைகிறதா? அப்படியானால் ஆண்டெனாவுக்கு நேரே ஈரமான மரக்கிளை ஆடுகிறதா என்று பாருங்கள்.

ஒரே ஆண்டெனாவிலிருந்து மூன்று அறைக்குக் கொடுக்கலாமா?
— தெலுக் இந்தான் வாசகர்

கொடுக்கலாம். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு வழிக்கும் சுமார் 4 டெசிபெல், நான்காகப் பிரித்தால் 7 அல்லது 8 டெசிபெல் குறையும். பிரிக்கும் முன்னால் தரம் திடமாக இருந்தால்தான் மூன்றாவது அறைக்கு மிச்சம் இருக்கும். பூஸ்டர் போடுவதென்றால் பிரிப்பானுக்கு முன்னால் போடுங்கள். காலியாக இருக்கும் வாயில் 75 ஓம் மூடி செருகுங்கள். ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் தனி டிகோடர் அல்லது உள்ளேயே டிவிபி-டி2 வேண்டும். பெட்டியில் வெறும் 'டிவிபி-டி' என்று மட்டும் போட்டிருந்தால் அது உதவாது.

அடுக்குமாடியில் சுவரில் உள்ள ஆண்டெனா முனையில் ஒன்றும் வரவில்லை.
— பூச்சோங் வாசகர்

நிர்வாகத்திடம் கேளுங்கள். கட்டடத்தின் பொது ஆண்டெனாவில் பழைய அனலாக் சேனல்களுக்கென்று தனித்தனியாக அமைத்த பெருக்கிகள் இருந்தால் டிஜிட்டல் அதில் நுழையாது. அவற்றை மாற்றியாக வேண்டும். அதுவரை கோபுரம் இருக்கும் திசை சன்னல் ஓரம் சின்ன ஆண்டெனா வைத்துப் பாருங்கள். வெயில் தடுக்கும் உலோகப் படலம் ஒட்டிய கண்ணாடி என்றால் சன்னலுக்கு வெளியே வைக்க வேண்டும்.

ஜொகூர் பாருவில் சிங்கப்பூரின் தமிழ்ச் சேனலான வசந்தமும் நம் டிவி2-உம் இரண்டும் வேண்டும். வழி உண்டா?
— ஜொகூர் பாரு வாசகர்

சிங்கப்பூரும் டிவிபி-டி2 முறைதான், ஆகவே டிவிபி-டி2 உள்ள தொலைக்காட்சி இரண்டையும் படிக்கும். சிக்கல் திசையில் இருக்கிறது. வசந்தத்துக்கு ஆண்டெனா தெற்கே புக்கிட் பாத்தோக் பக்கம் பார்க்க வேண்டும், நம்முடையதற்குப் பூலாய் மலைப் பக்கம். இரண்டு ஆண்டெனா போட்டுச் சாதாரணப் பிரிப்பானைத் திருப்பி ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். ஒரே அலை இரண்டு ஆண்டெனாவிலும் வெவ்வேறு நேரத்தில் நுழைந்து ஒன்றையொன்று கெடுக்கும். இரண்டு ஆண்டெனாவில் ஒன்றை மட்டும் இணைக்கும் விலை குறைந்த ஏ/பி சுவிட்ச் ஒன்று போதும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகத் தேடுங்கள், இரண்டாம் முறை தேடும்போது 'பழைய சேனல்களை அழி' என்பதைத் தேர்வு செய்யாதீர்கள்.

கடலோரம் ஆண்டெனாவைக் கூரைக்கு மேலே ஏற்றுகிறவர்கள் கம்பத்தை எர்த் செய்யுங்கள். இடி முழங்க ஆரம்பித்த பிறகு கேபிளைத் தொடக் கூடாது. வானம் கறுக்கும்போதே டிகோடரிலிருந்து கழற்றி வையுங்கள்.