மலிவான கருவிகள் இருந்தும் ஐபாட் வென்றது ஏன்?

கேள்வி: பாட்டுக் கேட்க மலிவான எம்பி3 கருவிகள் கடைகளில் இருந்தபோதும், மக்கள் கூடுதல் விலை கொடுத்து ஆப்பிளின் ஐபாடை வாங்கியதற்குப் பகட்டு மட்டும்தான் காரணமா?

பதில்: பகட்டுக்கும் பங்குண்டு; கருவி சட்டைப்பைக்குள் மறைந்திருந்தாலும், வெளியே தெரிந்த வெள்ளை இயர்போன் கம்பியே அதை ஊருக்கு அறிவித்துவிடும். ஆனால் அது பாதிக் கதைதான். 2001 அக்டோபரில் 399 டாலருக்கு ஐபாட் அறிமுகமானபோது, விலையைக் கேட்டு முகம் சுளித்தவர்களே அதிகம். அதற்கு முந்தைய சிறிய கருவிகளில் ஓரிரு ஆல்பங்களே அடங்கின. வன்தட்டு பொருத்திய பெரிய கருவிகளோ சிடி பிளேயர் அளவுக்குப் பருத்திருந்ததோடு, அன்றைய யுஎஸ்பி இணைப்பின் மந்த வேகத்தால் பாடல்களை ஏற்றுவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டன. ஐபாடோ 1.8 அங்குல வன்தட்டில் ஏறத்தாழ 1000 பாடல்களை அடக்கி, ஃபயர்வயர் என்னும் அதிவேக இணைப்புக் கம்பி வழியாக ஒரு முழு ஆல்பத்தைச் சில நொடிகளில் ஏற்றிக்கொண்டது. அத்தனை பாடல்களுக்கு நடுவே வேண்டியதைத் தேடி எடுக்க, கட்டைவிரலால் சுழற்றும் ஒரு சக்கரம் போதுமானதாக இருந்தது. என் கணிப்பில் வாங்குபவரைக் கடையிலேயே வீழ்த்தியது அந்தச் சக்கரம்தான்.

எனினும், தொடக்கத்தில் ஆப்பிளின் மேக் கணினியுடன் மட்டுமே அது இயங்கியதால் விற்பனை மெல்லவே நகர்ந்தது. 2003 இல் ஆப்பிளின் இசை மென்பொருளான ஐடியூன்ஸ் விண்டோஸுக்கும் வந்த பிறகே அது பாய்ச்சல் கண்டது. விலையை ஆப்பிளும் அடியோடு மறந்துவிடவில்லை: 2005 இல் திரையே இல்லாத ஐபாட் ஷஃபிளை 99 டாலருக்கு இறக்கியது.