ஐயர் இல்லாத கல்யாணமும் ஒரு மைக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,
தை மாதம் எனக்குத் திருமணம். புரோகிதர் வேண்டாம், நாங்களே எழுதிய உறுதிமொழியைச் சொல்லி மாலை மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம். "ஐயர் இல்லாத கல்யாணம் கோர்ட்டில் நிற்காது" என்கிறார் தாய்மாமா. உண்மையா? யாரைத் தலைமை தாங்க அழைப்பது? நிகழ்ச்சியை எப்படி அமைப்பது?
வாசகி ஒருவர், கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

மாமா சொல்வது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த திருமணம் தொடங்கி, சுமார் நாற்பது ஆண்டுகள் புரோகிதர் இல்லாத இந்தச் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 1968 ஜனவரியில் அது மாறிவிட்டது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு, முன்பு நடந்தவற்றையும் சேர்த்தே செல்லும் என்றது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ இருக்க, உங்கள் இருவருக்கும் புரிகிற மொழியில் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று நடந்தாலே கல்யாணம் ஆயிற்று. ஆனால் இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். ஒருவர் கிறிஸ்தவரோ இஸ்லாமியரோ என்றால் வழி வேறு: சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள்.

இந்தப் பிரிவு தலைமை தாங்க ஒருவரைக் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே பதவியைப் பார்த்து அழைக்காதீர்கள். பெரும்புள்ளி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவார். வந்ததும் மாநில அரசியல் பேசுவார். அதற்குள் சபையில் பாதி பந்திக்குப் போயிருக்கும். உங்கள் இருவரையும் தெரிந்த, தெளிவாக உச்சரிக்கிற, எட்டு நிமிடத்தில் முடிக்கத் தெரிந்த ஒரு ஆசிரியையோ பெரியம்மாவோ போதும். வாழ்த்துரைக்கு இரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். "நானும் ரெண்டு வார்த்தை" என்பவர்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசச் சொல்லுங்கள். மொத்தம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

உறுதிமொழிதான் இதில் உயிர். ஆளுக்கு அறுபது, எழுபது சொற்கள். கவிதையாக எழுதுகிறவர்கள் "உன்னோடு மழையில் நனைவேன்" என்றெல்லாம் எழுதிவிட்டு, "இன்னாரை என் கணவராக ஏற்கிறேன்" என்கிற ஒற்றை வரியை விட்டுவிடுவார்கள். மாலை மாற்றினால் சட்டத்துக்கு அது போதும்தான். சபைக்கு அந்த வரி காதில் விழ வேண்டும். தலைவர் சொல்லச் சொல்ல நீங்கள் திருப்பிச் சொல்வதானால், ஒரு மூச்சுக்கு நான்கைந்து சொற்களாக வெட்டி எழுதுங்கள். நீண்ட வாக்கியம் என்றால் பாதியில் மறந்து சிரிப்பு வந்துவிடும். பெரிய எழுத்தில் கெட்டி அட்டையில் அச்சடித்து, தலைவர் கையில் இரண்டு பிரதி கொடுத்துவையுங்கள். மெல்லிய தாள் கை நடுக்கத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

உறுதிமொழி முதலில், மாலை பிறகு. வரிசை மாறினால், சட்டையில் குத்திய மைக்கின் மேல் ரோஜா மாலை உரசி, கரகரவென்ற சத்தம்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். எப்படியும் ஸ்டாண்டில் ஒரு மைக் இருப்பது நல்லது. படமெடுப்பவர்களை மேடையின் இரு ஓரத்திலும் நிற்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சபை அவர்கள் முதுகைத்தான் பார்க்கும். கெட்டிமேளம் இல்லாத இடத்தில் மாலை மாற்றியதும் ஒரு சங்கடமான அமைதி விழும். எப்போது கைதட்டுவதென்று யாருக்கும் தெரியாது. "வாழ்த்துங்கள்" என்று தலைவர் உரக்கச் சொன்னால் தீர்ந்தது.

பதிவை மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அழைப்பிதழில் இரண்டு, மாலை மாற்றும் படம் ஒன்று எடுத்துவையுங்கள். சாட்சிகளை முன்பே சொல்லிவையுங்கள். தாய்மாமாவையே ஒரு சாட்சியாகப் போடுங்களேன்.